நான் சொல்லாமல் விட்ட தெரு

அவருடைய ஷெட்டுக்குள் நுழைந்தால் முதலில் கண்ணில் படுவது, சுவரில் தலைகீழாகத் தொங்கும் ஒரு ஜாக்கி. நல்ல ஜாக்கிதான், துருகூடப் பிடிக்கவில்லை. எப்போதோ ஒருமுறை வேனுக்கு அடியில் வேலை பார்த்தபோது நழுவி, அவருடைய இடது கால் கட்டைவிரலை நசுக்கிவிட்டதாம். அன்றைக்கே அதைக் கழுவித் துடைத்து, எண்ணெய் போட்டு, ஆணியில் மாட்டிவிட்டார். வித்துவிடலாமே என்று ஒருநாள் கேட்டேன்.

"விக்க மாட்டேன். வேலையும் குடுக்க மாட்டேன். மத்த சாமானெல்லாம் வேலை பாக்குறதப் பாத்துக்கிட்டு அது அங்கயே தொங்கட்டும்" என்றார்.

இரும்பையே மன்னிக்காத மனுஷன். அந்த நிமிஷமே நான் காரைத் திருப்பிக்கொண்டு வந்திருக்க வேண்டும். எனக்கு அந்தப் புத்தி இல்லை.

அவர் பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் அவருக்கு நான் பெருமை சேர்த்ததாகிவிடும். அந்த அளவுக்கு என் மனசு இன்னும் இளகவில்லை. கும்பகோணத்திலிருந்து வலங்கைமான் போகும் ரோட்டில், நெல் அவிக்கும் வாசனை எந்நேரமும் அடிக்கிற ஒரு ரைஸ்மில்லை ஒட்டி அவருடைய ஷெட் இருந்தது. ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர், வேன், லாரியைத் தாங்குகிற இரும்புப் பட்டை வேலை தவிர வேறு எதையும் தொடமாட்டார். என்ஜினில் கோளாறு என்று போனால், "நான் காலுக்கு வைத்தியம் பாக்குறவன், நெஞ்சுக்கு வேற ஆளப் பாருங்க" என்று அனுப்பிவிடுவார். காலுக்கு வைத்தியம் பார்ப்பதில் அவரை மிஞ்ச திருச்சி வரைக்கும் ஆள் கிடையாது. இதை நான் ஒப்புக்கொள்கிறேன் என்றால் அது உண்மையாகத்தான் இருக்க வேண்டும்.

ஒல்லியான ஆள், ஐம்பது கிலோ தேறினால் அதிகம். சட்டைப் பையில் எப்போதும் ஒரு சாக்பீஸ். வண்டி வந்து நின்றதும் சிமென்ட் தரையில் கன்னம் படப் படுத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு அதன் அடிவயிற்றைப் பார்ப்பார். டேப் பக்கத்திலேயே கிடக்கும், அதைத் தொடமாட்டார். விரல்களை அடுக்கித்தான் உள்ளே நுழைப்பார். எட்டு விரல், ஆறு விரல் என்று சாக்பீஸால் சுவரில் எழுதுவார். யாரையும் ஐயா என்றோ சார் என்றோ அவர் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. எல்லோருக்கும் ஒரே 'வாங்க', ஒரே 'சொல்லுங்க'.

அவரைப் பற்றி எனக்கு முதலில் சொன்னது அவருடைய தம்பி. தம்பி எங்கள் வீட்டு டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்தார். இருவரும் எங்கள் ஊர் கீழத்தெரு. அவர்கள் அப்பாவுக்கு உடம்பில் தெம்பு இருந்த வரைக்கும் எங்கள் நிலத்தில்தான் வேலை. அதைச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது.

"அண்ணங்கிட்ட மட்டும் போவாதீங்கய்யா. அவரு எதையும் மறக்க மாட்டாரு" என்றார் தம்பி. அப்புறம் சிரித்துக்கொண்டே அந்த மண்டபத்துக் கதையைச் சொன்னார்.

ஒரு கல்யாணத்தில் அண்ணன் பந்தியில் உட்கார்ந்திருக்கிறார். இலையில் சோறு விழுந்த பிறகு, யாரோ பெரிய மனிதர்கள் வந்துவிட்டார்கள் என்று மண்டபத்து மேனேஜர் இவரை மட்டும் எழுப்பி, 'நீ அடுத்த பந்தியில உக்காரு' என்றிருக்கிறார். இவர் கையைக் கழுவிக்கொண்டு போய்விட்டார். பல வருஷம் கழித்து அந்த மேனேஜருடைய வேனுக்குப் பட்டை முறிந்து ஷெட்டுக்கு வந்தது. வேலையைச் சுத்தமாக முடித்தார். முடித்ததும் தரையைப் பெருக்கி, பாயைப் போட்டு, இலையை விரித்து, வீட்டிலிருந்து வரவழைத்த சாப்பாட்டைப் பரிமாறிவிட்டு, வண்டிச் சாவியை இலைக்கு அந்தப் பக்கம் வைத்தார்.

"பசியில்லப்பா" என்றாராம் மேனேஜர்.

"பசி வர்ற வரைக்கும் உக்காருங்க. ஷெட்டு ஆறு மணி வரைக்கும் தெறந்திருக்கும்."

மேனேஜர் சாம்பார், ரசம் எல்லாம் சாப்பிட்டார். "மோருக்கு முன்னாடி எந்திரிக்க விடலங்கய்யா!" என்று தம்பி விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்து முடித்ததும் முகம் சுண்டிவிட்டது. தம்பி எங்கள் டிராக்டரில் ஏறிய நாளிலிருந்து அண்ணன் அவரோடு பேசுவதில்லை. "என் பைக்குக்கு அண்ணந்தான் வேலை பாக்குறாரு. ஆனா பைக்குக்கிட்டதான் பேசுவாரு, எங்கிட்ட பேச மாட்டாரு" என்றார்.

இதையெல்லாம் கேட்ட பிறகும் போனேன். காரணம், என் பங்காளி ராஜேந்திரன்.

மஸ்கட்டில் இருபது வருஷம் இருந்துவிட்டு ஊர் திரும்பியதும் எனக்கு ஓர் ஆசை வந்தது. சென்னையில் ஒருவர் விற்க வைத்திருந்த, கம்பெனியே நிறுத்திவிட்ட மாடல், இரண்டே பேர் உட்காரக்கூடிய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். ஐம்பது வயதில், நூற்றெட்டுக் கிலோ எடையோடு, அதற்குள் நுழைவதே ஒரு வித்தைதான். இருந்தாலும் வாங்கிவிட்டேன். முதல் நாள் மேலத்தெருவில் கொண்டுவந்து நிறுத்தியபோது சித்தப்பா மகன் ராஜேந்திரன் சுற்றிச்சுற்றி வந்து பார்த்தான். "என்னண்ணே, ஸ்போர்ட்ஸ் காருன்னீங்க? சக்கரத்துக்கும் பாடிக்கும் நடுவுல கோழிய அடை வைக்கலாம் போலருக்கே?" என்றான். தெருவே சிரித்தது. முந்தைய ஆள் கிராமத்து ரோட்டுக்காக ஸ்பிரிங்கை மாற்றி உயர்த்திவிட்டாரோ என்றுகூடச் சந்தேகப்பட்டேன். இல்லை, கம்பெனி உயரமே அதுதான்.

அடுத்த மாதம் அக்கா மகளுக்கு நிச்சயதார்த்தம். அக்கா திருவாரூரில் இருந்தாலும் பிறந்த வீட்டில்தான் நடத்த வேண்டும் என்று சொல்லிவிட்டாள். மாப்பிள்ளை வீட்டாரைக் கும்பகோணத்தில் எதிர்கொண்டு ஊருக்கு அழைத்து வருவது தாய்மாமனான என் பொறுப்பு. முன்னால் என் சிவப்புக் கார், பின்னால் அவர்களுடைய வேன். பந்தல் வாசலில், ராஜேந்திரன் கண்ணெதிரே, தரையைத் தொட்டும் தொடாமலும் அந்தக் கார் வந்து நிற்க வேண்டும். அதிலிருந்து நான் இறங்க வேண்டும். அந்த ஒரு காட்சிக்காக நான் எதையும் செய்யத் தயாராக இருந்தேன்.

"எவ்வளவு எறக்கணும்?" என்று கேட்டார் அவர், தரையில் படுத்தபடியே.

"எவ்வளவு முடியுமோ அவ்வளவு எறக்குப்பா." அப்போதெல்லாம் நான் அவரை 'வாப்பா, போப்பா' என்றுதான் பேசினேன். அவர் என்று எழுதுவது இப்போதுதான்.

எழுந்து உட்கார்ந்து பொறுமையாகச் சொன்னார். ஸ்பிரிங்கை வெட்டிக் குட்டையாக்கித் தருபவர்கள் இருக்கிறார்கள், தான் வெட்டுவதில்லை. வெட்டின ஸ்பிரிங் துள்ளும், வளைவில் கையை விட்டுப் போகும். குட்டையான, கெட்டியான புது ஸ்பிரிங் வரவழைத்துப் போடவேண்டும், அதற்கேற்ற ஷாக்கும் போடவேண்டும். "வளைவுல வண்டி சாயாது, ரோட்டக் கவ்விக்கிட்டுப் போவும். ஆனா ஒண்ணு. ஸ்பிரிங்குக்கு மடங்க எடம் கம்மி. ரோட்டுல கெடக்குற ஒவ்வொரு கல்லும் உங்க முதுகுக்குத் தெரியும். சம்மதமா?"

"சம்மதம்."

"எந்தெந்த ரோட்டுல ஓட்டுவீங்க? ஒண்ணு விடாம சொல்லுங்க. ஒவ்வொரு வேகத்தடையும் அளந்துட்டுத்தான் ஒசரம் வைப்பேன்."

சொன்னேன். கும்பகோணம் ரோடு, வலங்கைமான் கடைத்தெரு, தஞ்சாவூர் பைபாஸ், திருவாரூரில் அக்கா வீடு வரைக்கும், திருவிடைமருதூர் கோயில் வாசல், எங்கள் மேலத்தெரு. ஒவ்வொன்றையும் சாக்பீஸால் சுவரில் எழுதிக்கொண்டார்.

"இவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"விட்டுப்போன தெரு எதுவும் இல்லையே? ரோட்டுலேர்ந்து உங்க வீட்டு வாசல் வரைக்கும் யோசிச்சுச் சொல்லுங்க."

"இல்லப்பா."

வேலையை ஆரம்பிக்கும் முன் மூன்றாவது முறையும் கேட்டார். "வேற என்ன இருக்கு?" என்று எரிந்து விழுந்தேன். அவர் சாக்பீஸைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். ஒரு வாரம் தன்னுடைய மொபெட்டில் திருவாரூர் வரைக்கும் போய், ஒவ்வொரு வேகத்தடையின் முன்னாலும் குந்தி உட்கார்ந்து விரலால் அளந்து வந்தார் என்று பின்னால் கேள்விப்பட்டேன்.

வேலை முடிந்த அன்று காரை இரண்டு முறை சுற்றி வந்து பார்த்தேன். சக்கரத்துக்கும் பாடிக்கும் நடுவே கோழி என்ன, கோழி இறகுகூட நுழையாது. அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. வேலைக்கு முன்னும் பின்னும், விளிம்பு வரை தண்ணீர் ஊற்றிய எவர்சில்வர் டம்ளரைப் பக்கத்தில் வருபவர் மடியில் கொடுத்து, ரைஸ்மில் முன்னால் இருக்கிற மேடுபள்ளத்தில் வண்டியை ஓட்டுவார். எவ்வளவு சிந்துகிறது என்பதுதான் அவருடைய கணக்கு. இறக்குவதற்கு முன் ஒரு வாய்த் தண்ணீர்தான் சிந்தியது. இறக்கிய பிறகு பாதி டம்ளர் என் வேட்டியில் இருந்தது. என் இடுப்பு ஒருமுறை கழன்று மாட்டியது. ஆனால் ஆற்றங்கரை வளைவில் அவர் திருப்பியபோது கார் சாயவே இல்லை. சின்னப் பையன் மாதிரி கத்திவிட்டேன்.

"மீதியக் குடிங்க, வெயிலா இருக்கு" என்றார். நான் டம்ளரை ஜன்னலுக்கு வெளியே கவிழ்த்தேன். அவர் அதைப் பார்த்தார். அலைன்மென்ட் பார்க்க வேண்டியிருக்கிறது, நிச்சயதார்த்தத்தன்று காலையில் வந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொன்னார்.

அன்று காலை பட்டுவேட்டியோடு போனேன். மாப்பிள்ளை வீட்டு வேன் ரோட்டோரம் வந்து நின்றது. "நானும் ஊருக்குத்தான் போறேன். வழியில சத்தம் ஏதாவது வந்தாப் பாத்துடலாம்" என்று அவர் என் பக்கத்தில் ஏறிக்கொண்டார். பரவாயில்லையே, பொறுப்பான ஆள் என்று நினைத்தேன். வலங்கைமான் கடைத்தெருவில் இரண்டு வேகத்தடை. இரண்டிலும் நாலு விரல் மிச்சம் வைத்து ஏறி இறங்கியது. ரோட்டில் காயப்போட்டிருந்த நெல்லின் மேல் போனபோது நெல்மணிகளைக்கூட எண்ணிவிடலாம் போல முதுகில் தெரிந்தது. இருந்தாலும் நான் ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

மெயின் ரோட்டிலிருந்து ஊருக்குத் திரும்பினோம். கீழத்தெரு வந்தது.

கீழத்தெருவைத் தாண்டாமல் மேலத்தெருவுக்கு வழி கிடையாது. பிறந்ததிலிருந்து அந்த வழியாகத்தான் போய்வருகிறேன். ஆனால் ரோடுகளை ஒவ்வொன்றாகச் சொல்லச் சொன்னபோது அந்தத் தெரு என் வாயில் வரவே இல்லை. மூன்று முறை கேட்டும் வரவில்லை. பள்ளிக்கூடப் பிள்ளை ஒன்றை மணல் லாரி இடித்துவிட்டதால் தெருக்காரர்களே ஜல்லியும் சிமென்ட்டும் போட்டு, கோயிலுக்கு எதிரே கணுக்கால் மறைக்கிற அளவுக்கு ஒரு வேகத்தடை கட்டியிருந்தார்கள்.

முன்சக்கரம் ஏறியது. அடிவயிறு கர்ரென்று உரசி நின்றது. பின்னால் எடுத்தேன், குறுக்காக ஏற்றினேன். மறுபடியும் கர்ர். பின்னால் வேன்காரன் ஹாரன் அடித்தான். மாப்பிள்ளையின் அப்பா ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

"இது இருக்கறது உனக்கு முன்னாடியே தெரியுமா?" என்றேன்.

"எந் தெரு. எனக்குத் தெரியாதா?"

"அப்ப ஏன்யா சொல்லல?"

"மூணு தடவ கேட்டேன்."

அடித்திருப்பேன். கை ஓங்கக்கூட இடமில்லாத கார் அது.

"உங்க எடைக்கு நேரா எடுத்தாலும் தட்டும், குறுக்கா எடுத்தாலும் தட்டும். நீங்க எறங்குங்க. நான் ஒத்த ஆளா எடுத்துட்டா ஒரு விரல் கெடைக்கும். வாய்க்கால் பாலத்துக்கு அந்தாண்ட கொண்டுபோய் நிறுத்துறேன். நடந்து வாங்க" என்றார். அப்புறம், கதவைத் திறக்க நான் திணறிக்கொண்டிருந்தபோது, மெதுவாகக் கேட்டார். "எங்கப்பா சைக்கிள் வால்வப் புடுங்கி வாய்க்கால்ல போட்டீங்களே, ஞாபகம் இருக்கா?"

இருந்தது. அவர் கேட்ட பிறகுதான் இருந்தது. எங்கள் மேலத்தெருவில் கீழத்தெரு ஆட்கள் சைக்கிளில் போகக்கூடாது, இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போகவேண்டும். சட்டமெல்லாம் இல்லை, என் அப்பா இருந்தார், அவ்வளவுதான். ஒருநாள் அவருடைய அப்பா, மேலத்தெருவுக்கு அந்தப் பக்கம் இருந்த எங்கள் களத்திலிருந்து, இறங்காமல் வந்தார். கேரியரில் காய்ச்சலில் சுருண்டு கிடந்த மகனை வலங்கைமான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் அவசரம். என் அப்பா நிறுத்தினார். எனக்கு அப்போது பத்து வயது. நான் ஓடிப்போய் இரண்டு சக்கரத்திலும் வால்வைப் பிடுங்கி வாய்க்காலில் எறிந்தேன். அப்பா என் தலையைத் தடவிச் சிரித்தார். காற்றுப் போன சைக்கிளை, மேலே பிள்ளையோடு, வலங்கைமான் வரைக்கும் அந்த மனிதர் தள்ளிக்கொண்டு போனார். கேரியரிலிருந்து ஒரு பையன் தலையைத் திருப்பி என்னையே பார்த்துக்கொண்டு போனான். அந்தப் பையன் இப்போது, நான் இறங்கிய சீட்டுக்கு மாறி உட்கார்ந்து, என் காரின் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

ஒரு விரல் இடைவெளியில், ஒரு சத்தமில்லாமல், கார் ஏறி இறங்கியது. நான் பின்னால் நடந்தேன். தெருப் பெண்கள் வாசலுக்கு வந்தார்கள். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் திட்டிவிட்டுப் போயிருப்பேன். பின்னால் வேனும் என் நடைக்கு ஏற்றபடி ஊர்ந்து வந்தது.

பாதித் தெருவில் அவருடைய வீடு. வாசலில் நீலப் பிளாஸ்டிக் நாற்காலியில் அவருடைய அப்பா உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் பெரியவருடைய கை தானாகத் தோள் துண்டை எடுத்தது. நாற்காலியின் கைகளை ஊன்றிப் பாதி எழுந்துவிட்டார். சிவப்புக் கார் அவருக்கு நேராக நின்றது.

"எந்திரிக்காதப்பா."

"சின்னய்யா வர்றாருடா..."

"வரட்டும். நடந்துதான வர்றாரு. நீ உக்காரு."

பெரியவர் எழுந்தும் எழாமலும் என்னைப் பார்த்தார். முழங்கால் இரண்டும் ஆடின. 'நீங்க உக்காருங்க' என்று நான் சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு சொல்தான். எனக்கு வாய் வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவரே உட்கார்ந்தார். துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். நான் அவரைத் தாண்டிப் போனேன்.

பாலத்துக்கு அப்பால் சாவியைக் கொடுத்தார். "நீங்க சொன்ன ரோடு எதுலயும் தட்டாது. தட்டினாக் கொண்டாங்க" என்றார். அந்த வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. நட்டை லூஸ் பண்ணிப் பழி வாங்கியிருந்தால் அவரைச் சின்ன மனுஷன் என்று சொல்லி நான் நிம்மதியாக இருந்திருப்பேன்.

நானும் சும்மா இருக்கவில்லை. மறுநாளே அவருடைய தம்பியை டிராக்டர் வேலையிலிருந்து நிறுத்தினேன். அன்று சாயங்காலமே அண்ணன் தம்பியின் வீட்டுக்குப் போய், பல வருஷங்களுக்குப் பிறகு வாய் திறந்து, 'நாளைக்கு ஷெட்டுக்கு வந்துடு' என்று சொல்லிவிட்டார். என் பழி அவருக்குத் தம்பியைத் திருப்பிக் கொடுத்ததுதான் மிச்சம். வேகத்தடையை இடிக்கச் சொல்லிப் பஞ்சாயத்துக்கு மனு எழுதினேன். படிவத்தில் காரணம் என்று ஓர் இடம் விட்டிருந்தது. 'பள்ளிப் பிள்ளைகள்' என்று எதிர்மனு வரும் என்பது எனக்கே தெரிந்தது, கிழித்துப் போட்டேன். நான் நடந்து வந்த சேதி அன்றைக்கு எனக்கு முன்பே பந்தலுக்குப் போய்விட்டது. ராஜேந்திரன் இன்றைக்கும், "அண்ணே, டிரைவர் வரலையா?" என்று கேட்கிறான்.

அவர் போய் மூன்று வருஷமாகிறது. வேலை பார்த்துக்கொண்டே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார். எடுத்த அன்று நான் கீழத்தெருவுக்குப் போகவில்லை. போயிருந்தால் என்னை எங்கே உட்கார வைத்திருப்பார்களோ.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து தம்பி வந்தார். வாசலில் நின்றபடியே பேசினார்.

"உங்க காரோட பழைய ஸ்பிரிங்கு நாலும் எங்ககிட்ட இருக்கு. அண்ணன் எண்ணெய் போட்டு, சாக்குல சுத்தி, நம்பர் எழுதி அப்பா வீட்டுல வச்சிருக்காரு. திருப்பி மாட்டினா வண்டி பழைய ஒசரத்துக்கு வந்துடும், எங்கயும் தட்டாது."

"அப்ப கொண்டாந்து குடு" என்றேன்.

"அப்படிக் குடுக்கக் கூடாதுன்னுட்டாருங்க. நீங்க வந்து அப்பாகிட்டக் கேக்கணுமாம். கேட்டாக் குடுத்துடணுமாம், ஒரு கேள்வி கேக்கக் கூடாதாம்."

சென்னையில் விசாரித்தேன், அந்த மாடலுக்குக் கம்பெனி ஸ்பிரிங் இப்போது வருவதில்லை. காரை விற்கலாம், ராஜேந்திரன் ஆள் வைத்து வாங்கி என் கண்ணெதிரே ஓட்டுவான். அதனால் வைத்திருக்கிறேன். ரோட்டில் கிடக்கிற ஒவ்வொரு கல்லும் என் முதுகுக்குத் தெரிகிறது. ஊருக்குள் வரும்போதெல்லாம் கோயில் எதிரே இறங்குகிறேன், தெருவில் யாராவது மெலிந்த ஆள் காரை ஏற்றிக் கொடுக்கிறார்கள், நான் நடக்கிறேன். பெரியவர் அதே நாற்காலியில் இருக்கிறார். இப்போது எழுந்திருக்கப் பார்ப்பதில்லை. உட்கார்ந்தபடியே நான் அவரைக் கடந்து முடிக்கும் வரை பார்க்கிறார்.

கேட்டால் கொடுத்துவிடுவார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.